கன்னிமார் அருவியில் பூக் கேட்டது

எங்கள் ஊர் அருவியைப் போன வருடம் ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான். அவன் போட்ட ரீல்ஸில் அப்படித்தான் இருந்தது: யாருக்கும் தெரியாத அருவி. தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்து, மாடு குளிப்பாட்டி, வருடம் தவறாமல் கரையில் பொங்கல் வைக்கிற நாங்கள் அவன் கணக்கில் யாரும் இல்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயமுத்தூரிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் கார்கள் வருகின்றன. யாருக்கும் தெரியாத இடத்துக்கு வழி கேட்டு, மத்தியானம் கண்ணயர்ந்திருக்கிற ஊரையே எழுப்பிவிடுகிறார்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற ரோட்டில் நடுவில் தெற்கே திரும்பி, மலையைப் பார்த்துக்கொண்டே போனால் எங்கள் ஊர் வரும். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் அருவி. பெரிய அருவி ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் லட்சணமாக விழும். மாசி பிறந்தால் பாறையில் ஈரக்கறை மட்டும் இருக்கும். பக்கத்தில் ஒரு பெரிய நீர்மருத மரத்தடியில் ஏழு கற்கள் நட்டிருக்கிறார்கள். கன்னிமார். அக்கா தங்கை ஏழு பேர், தண்ணீரில் குடியிருப்பவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள்.

போன ஆவணியில் நாங்கள் அங்கே போனது குளிக்க இல்லை. என் அக்காவின் கர்ப்பப்பையை எடுக்கலாமா கூடாதா என்று அந்த ஏழு பேரிடம் கேட்கப் போனோம். அதை டாக்டரிடம் அல்லவா கேட்க வேண்டும் என்று நினைப்பீர்கள். கேட்டாகிவிட்டது. பாலக்காட்டில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, ஏன் இவ்வளவு ரத்தம் போகிறது என்று மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் அது என்ன கட்டி என்று உறுதியாகத் தெரியும் என்றார். இனியும் தாமதிக்கக் கூடாது என்று மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். மாமா என்பது அக்காவின் வீட்டுக்காரர். அவர் அந்த அறையில் சுவரில் இருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் உள்ளுறுப்புப் பெயர் காதில் விழுந்தால் அவருக்கு வெட்கம் வந்துவிடும். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் வயிற்றில் ஏதோ சூடு என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

டாக்டரம்மா அதைச் சொன்னது தை மாதம். தையில் எங்கள் பக்கம் மாந்தோப்பில் காய் இறங்க ஆரம்பித்துவிடும். காய் முடியட்டும் என்றார் மாமா. காய் முடிந்தபோது கோடை. புண் ஆறாது என்றார். மழை பிடித்தது, புண்ணில் சீழ் வைக்கும் என்றார். ஆடி வந்தது, ஆடியில் நல்ல காரியம் செய்யலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கர்ப்பப்பையை எடுப்பது எப்போதிருந்து நல்ல காரியங்களில் சேர்ந்தது என்று கேட்டேன். என் வாய்க்குப் பயந்துதான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

நான் இங்கே தமிழ் மீடியம் பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறேன். அந்த மாதங்களில் நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவின் உதடு வெளுத்து, நகம் வெளுத்து, அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. ஏற்றிய ரத்தமும் போயிற்று. மாமா ஆப்பிள் வாங்கி வந்தார். பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். காந்தலூரிலிருந்து காய்கறி ஏற்றி வந்து கோவிந்தாபுரத்தில் வியாபாரம் பார்க்கும் என் அண்ணன், பீட்ரூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினான். ரத்தம் போகிற வழியை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பதில் இருவருக்கும் அத்தனை நம்பிக்கை.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்காவின் மகன், நீங்கள் எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் சொல்லுங்கள், லீவு போடுகிறேன் என்றான். கடைசியில் முடிவெடுக்க வேண்டிய எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். முடிவைத் தாங்கள் எடுக்க வேண்டாம், கன்னிமார் எடுக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அரளிப்பூ ஒன்று, சிவப்பு அரளிப்பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைக் கிழிசலில் ஒரே மாதிரி பொட்டலமாக மடித்து நாரால் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் மனசுக்குள் ஒரு பூவை நினைத்துக்கொள்ள வேண்டும்: இந்தப் பூ வந்தால் செய்வேன், வராவிட்டால் செய்ய மாட்டேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பிறகு வயசுக்கு வராத ஒரு சின்னப் பெண் குழந்தையைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் எல்லோரும் வெள்ளையைத்தான் நினைப்பார்கள், சிவப்பு வந்தால் முகம் தொங்கிப்போகும். ஆனால் எதை நினைப்பது என்பது கேட்கிறவர் இஷ்டம். எங்கள் கன்னிமாரிடம் இதை வருடத்தில் ஒரே நாள், ஆவணி முதல் ஞாயிறு அன்றுதான் கேட்கலாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். வேண்டாம் என்று வந்துவிட்டால் மறுபடி கேட்க அடுத்த ஆவணி வரவேண்டும்.

மாமா இப்படிக் கேட்டு நடந்த காரியங்களின் லட்சணம் எனக்குத் தெரியும். தோப்பில் போர் போட, உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போட்டதில் புழுதி வந்தது. அடுத்ததற்குக் கன்னிமாரிடம் பூக் கேட்டார். வெள்ளை வந்தது. போட்டார். அதிலும் புழுதிதான், முன்னதைவிடக் கொஞ்சம் நைசாக. கன்னிமார் மேல் குறை சொல்வாரா? கேட்கும்போது தன் மனசு சுத்தமாக இல்லை என்று தன்னையே நொந்துகொண்டார். இந்தப் புழுதிக் கம்பெனியிடம்தான் என் அக்காவின் வயிற்றைப் பற்றிக் கேட்கப் போனோம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. தீட்டோடு கன்னிமார் பக்கம் போகக் கூடாது. மற்ற சாமிகள்கூடப் பொறுத்துக்கொள்ளும், கன்னிமார் பொறுக்க மாட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. அக்காவுக்கு வியாதியே அதுதான். மாதத்தில் எந்த நாளில் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. அதனால் ரத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்த டாக்டரம்மா கொடுத்திருந்த மாத்திரைகளை அக்கா பத்திரமாக ஒதுக்கி வைத்து, அந்த ஞாயிற்றுக்கு முன்னால் வேளை தவறாமல் விழுங்கினாள். டாக்டரை நம்பலாமா என்று சாமியிடம் கேட்கப் போவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குக் கன்னிமார் விளையாட்டு இல்லை. அவள் கேட்டுத்தான் கல்யாணம் முடித்தாள், கேட்டுத்தான் பிள்ளை பிறந்தது என்று நம்புகிறவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பதில் முன்கூட்டியே வேண்டியிருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பதில்.

அன்று காலையில் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். மாமா பூஜைப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அண்ணன் காந்தலூரிலிருந்து விடிய விடிய வண்டியோட்டி வந்த கண்ணோடு அவர் பின்னால். நானும் அக்காவும் கடைசி. ஆண்கள் இரண்டு பேருக்கும், பின்னால் வருகிறவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்பது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. தேங்காய் விலையைப் பேசிக்கொண்டு நடந்தார்கள்.

வழி நன்றாகத்தான் இருக்கும், ஆட்கள் இல்லாவிட்டால். முதலில் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் நெல்வயல், வலது கையோரமாக ஆறு கூடவே வரும். தடுப்பணைக்கு மேலே தண்ணீர் சத்தமில்லாமல் நிற்கும். அதற்கப்புறம் பாறைகள் ஆரம்பிக்கும், சத்தமும் ஆரம்பிக்கும். கரை முழுக்கப் புங்கமரமும் மூங்கிலும். வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். யானை வராமல் இருக்கப் போட்ட சோலார் வேலி முடிகிற இடத்தில் ஃபாரஸ்ட்டுக்காரர்கள் மலையாளத்தில் ஒரு பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். மது அருந்தக் கூடாது, பிளாஸ்டிக் போடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. அந்தப் போர்டின் காலடியில்தான் பீர் பாட்டில்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குடித்தவன் படித்தவன், விதியை வாசித்துக்கொண்டே குடித்திருக்கிறான்.

எங்களுக்கு முன்னும் பின்னும் ரீல்ஸ் கூட்டம். ஒரு பெண் வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு ஆற்றில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அவளுடைய ஆள் போனைப் பிடித்துக்கொண்டு, இயற்கையோடு ஒன்றிப் போவது போல முகத்தை வைக்கச் சொல்லிக் கத்தினான். இயற்கை பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு கோஷ்டி புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு, இங்கே எவ்வளவு அமைதி பார் என்று ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்டு போனது. எனக்கு அவர்கள் மேல் வந்த எரிச்சலில் முன்னால் போகிற இரண்டு பேரின் மேல் இருந்த எரிச்சல் கொஞ்ச நேரம் மறந்தது. அந்த வகையில் அவர்களால் உபகாரம்தான்.

ஆற்றைக் குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் பாறைகள் ஏற்ற இறக்கமாகக் கிடக்கும். மாமாவும் அண்ணனும் தாவித் தாவி அக்கரை போய்விட்டார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக வந்தாள். நடுவில் ஒரு பெரிய பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது என்றுதான் நினைத்தேன். சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"புள்ள, ஆயிப்போச்சு" என்றாள்.

மாத்திரைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஏற்றம் ஏறினால் அது என்ன செய்யும்? நான் பையிலிருந்து நாப்கினை எடுத்துக் கொடுத்தேன். மூங்கில் மறைவுக்குக் கூட்டிப் போனேன். அக்கரையிலிருந்து அண்ணன் என்ன என்று கையாட்டிக் கேட்டான். காலில் முள் என்று கையாட்டிச் சொன்னேன். திரும்பி வந்தபோது அக்காவின் கை ஜில்லென்று இருந்தது. அப்போதே திரும்பி நடந்து காரில் ஏறி நேராகப் பாலக்காட்டுக்குப் போய்விடலாம் என்றேன். கார் சாவி உன் மாமாவிடம் இருக்கிறது என்றாள். அது உண்மைதான். சாவி, பேங்க் பாஸ்புக், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிற உரிமை, எல்லாம் அவரிடம்தான் இருந்தன. அக்காவிடம் இருந்தது வியாதி மட்டும்.

"இப்படியே கன்னிமார்கிட்டப் போனாப் பாவம் புள்ள. திரும்பிப் போனா அடுத்த வருசந்தான். அதுவரைக்கும் நான் இருப்பனா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதினால் பொய். எனக்கு நன்றாகவே தெரிந்தது. கல்லுக்கு என்ன தெரியும், பேசாமல் வா என்றேன். அக்கா என்னை அடிக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு ஆற்றில் குனிந்து முகம் கழுவினாள், கை கால் கழுவினாள், மறுபடி மறுபடி கழுவினாள். எழுந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அருவியடியில் திருவிழாக் கூட்டம். குளத்தில் ஆண்கள் ஜட்டியோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மரத்தடியில் ஏழு கற்களும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வளையல் மாட்டி, மஞ்சள் துணி கட்டித் தயாராக இருந்தன. பக்கத்து ஊர்ப் பூசாரி எங்களுக்கு முன்னால் கேட்ட குடும்பத்தை அனுப்பிவிட்டு, அருவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஏழு கன்னிகளும் ஜட்டிக் கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். தீட்டைப் பொறுக்காத சாமி இதையெல்லாம் எப்படிப் பொறுக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பூசாரி விஷயத்தைக் கேட்டார். மாமா தொண்டையைச் செருமி, வயிற்றுச் சங்கதி என்றார். யாருடைய வயிறு என்று பூசாரி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு மாமா தாமே முன்னால் வந்து கைகூப்பி நின்றார். குடும்பத்தலைவர் அல்லவா, நினைப்பதையும் அவரே நினைத்துவிடுவார் போலிருந்தது. பூசாரி அவரை நகரச் சொன்னார். யாருக்கு நோவோ அவர்தான் நினைக்க வேண்டும் என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஒரு அடி எடுத்து வைத்து நின்றாள். அவள் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார், பக்தி என்று நினைத்துத் தாமும் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா கற்களுக்கு முன்னால் போனாள்.

இப்போது குழந்தை வேண்டும். பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. அதற்கு அன்று பார்த்துக் காய்ச்சல். அப்படியானால் அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாமே என்று அண்ணன் இழுத்தான். நான் குளத்தங்கரைக்குப் போய், திருச்சூர்க்காரக் குடும்பம் ஒன்றிடம் அவர்களுடைய சின்னப் பெண்ணை ஐந்து நிமிடம் கடன் கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். பூஜை என்றேன். உடனே போனைத் தூக்கிக்கொண்டு குடும்பமே பின்னால் வந்துவிட்டது, படம் பிடிக்க. அந்தக் குழந்தையின் விரலெல்லாம் சிப்ஸ் மசாலா. பூசாரி கையைக் கழுவி விட்டார். அக்காவின் உயிர் இப்போது அந்த விரலில் இருந்தது.

பொட்டலங்களைப் பூசாரி கையில் குலுக்கி, கற்களின் முன்னால் போட்டார். அக்கா கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்தது. குழந்தை தன் அம்மாவைப் பார்த்து எதை எடுக்க என்று மலையாளத்தில் கேட்டது. உனக்குப் பிடித்ததை எடு என்றாள் அம்மா. இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்கும்போது அதற்கு எதைப் பிடிக்கும்? கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்துப் பூசாரியிடம் நீட்டிவிட்டுத் திரும்பிக் குளத்துக்கு ஓடியது.

பூசாரி நாரை அவிழ்த்தார். சிவப்பு.

மாமாவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. துக்கத்தில் வந்த மூச்சு இல்லை அது. பரீட்சை தள்ளிப்போன பையன் விடுகிற மூச்சு. அவருடைய அம்மா ஆபரேஷன் மேஜையில்தான் போனாள், அந்தப் பயம் அவருக்குள் உண்டு என்று எனக்குத் தெரியும். பயந்தவர் மேல் இரக்கப்படலாம். தன் பயத்துக்குச் சாமியைச் சாட்சிக்கு இழுத்து, பெண்டாட்டியைப் பலி கொடுக்கிறவர் மேல் இரக்கப்பட எனக்கு வரவில்லை. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டான். அவங்களே வேண்டாம்னு சொன்ன பிறகு நாம என்ன பண்றது என்றான். ஆயுர்வேதத்தில் நல்ல மருந்து இருப்பதாக, சாந்தன்பாறையில் ஏலத்தோட்டக்காரர் ஒருவருக்கு இதே மாதிரி குணமானதாக அங்கேயே ஆரம்பித்துவிட்டான். ஏலத்தோட்டக்காரருக்குக் கர்ப்பப்பை எப்போது முளைத்தது என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் பூசாரி, வழக்கமாகக் கேட்பது போல, அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மிணி, நீ நெனச்சதென்ன பூவு?"

அக்கா கண்ணைத் திறந்தாள். அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்தாள். மாமாவைப் பார்க்கவில்லை.

"செவப்புங்க. செவப்பு வந்தா ஆப்பரேசன் பண்ணிக்கறதுன்னு நெனச்சனுங்க."

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. யாராவது சிவப்பை நினைப்பார்களா, எல்லாரும் வெள்ளையைத்தானே நினைப்பார்கள் என்று பூசாரியிடம் முறையிட்டார். நெனச்சவங்க சொல்றதுதானுங்க வாக்கு என்று பூசாரி முடித்துவிட்டு, தேங்காயை உடைத்தார். தேங்காய் அழுகல் இல்லாமல் வெள்ளையாக உடைந்ததில் அவருக்கு மேலும் திருப்தி. மாமா தட்சிணையை எடுத்து வைத்தார். போர் போட்டுப் புழுதி வந்தபோதுகூடக் கன்னிமாரைச் சந்தேகப்படாத மனுஷன். அவர் கட்டிய வேலியில் அவரே மாட்டிக்கொண்டார். அண்ணன் சாந்தன்பாறையை அப்படியே விழுங்கினான். திருச்சூர்க்காரர்கள் எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டு, எங்களோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஆண்கள் மறுபடி முன்னால். இந்தத் தடவை தேங்காய் விலை பேசவில்லை. மாமா போனை எடுத்துப் பார்ப்பதும் பையில் போடுவதுமாகப் போனார். ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும், மகனைக் கூப்பிட வேண்டும், தோப்புக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. தை மாதத்திலிருந்து அசையாத வண்டி ஒரு பூவில் கிளம்பிவிட்டது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இருபது வருடம் கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட கணக்குகளில் எதுவும் இவ்வளவு சுத்தமாக விடை வந்ததில்லை. அவர்கள் சட்டத்தை வைத்தே அவர்கள் வாயை அடைத்தாயே என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சிவப்பை நினைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

அக்கா ஆற்றைத் தாண்டுகிற இடத்தில், வரும்போது உட்கார்ந்த அதே பாறைக்கு வந்ததும் நின்றாள். மாமாவும் அண்ணனும் அக்கரை ஏறி மூங்கிலுக்குப் பின்னால் மறைகிறவரை காத்திருந்தாள்.

"நான் நெனச்சது வெள்ளைதான் புள்ள."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் பயந்துபோய் இருந்தாள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டபோதுகூட நான் பார்க்காத பயம் அது. தீட்டோடு வந்ததற்குத்தான் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். அது மட்டுமல்ல, அவர்கள் முன்னாலேயே நின்று பொய் வேறு சொல்லிவிட்டாள். அக்கா சொன்ன பெரிய பொய் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. முதல் பொய்யைக் கொண்டுபோய் அங்கே சொல்லியிருக்கிறாள்.

நான் என் உத்தியோகத்தை ஆரம்பித்தேன். இரண்டு பொட்டலம் இருந்தது, ஒன்று வந்தது, காசைச் சுண்டிப் போட்டாலும் இதேதான், அந்தக் குழந்தை சிப்ஸ் பாக்கெட் நினைப்பில் கைக்குக் கிட்டே இருந்ததை எடுத்தது என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனேன். கல்லாவது பேசுவதாவது என்றேன். அக்கா நான் முடிக்கிறவரை கேட்டாள்.

"உனக்கு அது வெறுங்கல்லு, உனக்கென்ன. எனக்கு அவிய இருக்கறாங்க. வேண்டாம்னும் சொல்லிப்போட்டாங்க."

அன்று முழுக்க எல்லோரையும் ஏளனம் செய்துகொண்டே வந்தவள் நான். ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போடும்போதும் அவள் இதையே நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடப் போகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

அக்கா அருவி இருந்த பக்கம் திரும்பி ஒரு தடவை கும்பிட்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடிக்காமலே அடுத்த கல்லில் கால் வைத்தாள்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடு. இந்த வாரத்துலயே தேதி கேளு."

போனை எடுத்துப் பார்த்தேன். இங்கே சிக்னல் இல்லை, ரோட்டுக்குப் போனால்தான் கிடைக்கும் என்றேன்.

"அப்ப வெரசா நட" என்றாள் அக்கா.